வீட்டிலேயே உலோகத் தகட்டில் இடம் தப்பாமல் துளை போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தகட்டில் ஒரு துளை போடுவது யாராலும் முடியும். நான்கு துளை போட்டு, நான்கு ஸ்க்ரூவும் ஒன்றையொன்று இழுக்காமல் விரலாலேயே உள்ளே இறங்க வேண்டும் என்றால்தான் சிக்கல் தொடங்குகிறது. என்னிடம் கற்றுக்கொள்ள வந்த தம்பிகள் எல்லாருமே முதலில் கேட்டது "எந்த மெஷின் வாங்கலாம் அண்ணே?" என்றுதான். அவர்களுடைய துளைகள் தப்பியது மெஷினால் அல்ல. மெஷினைப் போடுவதற்கு முன்னால், குறிக்கும்போதும் பஞ்ச் அடிக்கும்போதும்தான் (கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் குழி போடும்போதும்தான்) தப்பியது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பாதி தூரம் போன பிறகுதான் ட்ரில் சுற்றவே ஆரம்பிக்கும்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 5 மி.மீ. தடிமனுள்ள, 60க்கு 60 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று. அதில் நீமா 17 என்ற நிலையான அளவுள்ள ஸ்டெப்பர் மோட்டாரை (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) பொருத்த வேண்டும். இந்த மோட்டாருக்கு 31 மி.மீ. சதுரத்தில் நான்கு எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) ஸ்க்ரூ, நடுவில் 22 மி.மீ. வட்ட மேடு. த்ரீடி பிரிண்டரோ சின்ன சிஎன்சியோ (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) செய்து பார்க்கிறவர்கள் எல்லாருமே ஒருநாள் இந்தத் தகட்டைச் செய்துதான் ஆகவேண்டும்.

1. எவ்வளவு துல்லியம் தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள்

எம்3 ஸ்க்ரூவுக்கு வழக்கமாக 3.4 மி.மீ. துளை போடுவார்கள், இறுக்கமாக வேண்டுமென்றால் 3.2. ஸ்க்ரூ 3 மி.மீ. என்பதால் 3.4 துளையில் அது எந்தப் பக்கமும் 0.2 மி.மீ. நகரலாம், 3.2 துளையில் 0.1 மட்டுமே. அதாவது துளையின் அளவுதான் நீங்கள் எவ்வளவு பிசகலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

கையால் கவனமாகக் குறித்துப் பஞ்ச் அடித்தால் 0.2க்குள் நிற்கலாம் என்பது என் அனுபவம். 0.1க்குள் நிற்பதற்குப் பழக்கமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். எனவே முதல் தடவை 3.4 போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்ற அளவுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: எம்4க்கு 4.5, எம்5க்கு 5.5, எம்6க்கு 6.6. தகட்டிலேயே மரை (ஸ்க்ரூ முறுக்கி ஏறும் புரி) வெட்டுவதென்றால் துளை சின்னதாக இருக்க வேண்டும், எம்3க்கு 2.5, எம்4க்கு 3.3, எம்5க்கு 4.2, எம்6க்கு 5. இரண்டையும் குழப்பிக்கொண்டு மரை வெட்ட வேண்டிய தகட்டில் பெரிய துளை போட்டு வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தகட்டின் மேலேயே மார்க்கரால் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அதன் அளவை எழுதிவிடுங்கள்.

2. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே ஒரு ட்ரில் இருக்கும். படம் மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும் கான்கிரீட் சுவரில் ஓட்டை போட வாங்கிய ஹேமர் ட்ரில் அது. அதோடு வந்த பிட்டுகளில் பாதி கான்கிரீட் பிட். முனையில் தடித்த துண்டு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அது கல்லை உடைப்பதற்கான முனை, உலோகத்தை வெட்டாது, தேய்த்துச் சூடுதான் ஏற்றும். உலோகத்துக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் தனியாக வாங்குங்கள். அந்த ட்ரில்லையே பயன்படுத்துவதானால் சுத்தியல் படம் போட்ட நிலையிலிருந்து சாதாரண நிலைக்குத் திருப்பிவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள்.

பிட் வாங்கும்போது நான் பார்ப்பது முனைக் கோணம். சாதாரண பிட்டுக்கு 118 பாகை. 135 பாகையில், நடுவில் கூராகத் தீட்டிய ஸ்ப்ளிட் பாயிண்ட் பிட் கிடைத்தால் அதையே எடுங்கள், தொடும்போதே வெட்ட ஆரம்பிக்கும் என்பதால் வழுக்கி ஓடாது. ஐம்பது பிட் கொண்ட மலிவுப் பெட்டியைவிட, தேவையான அளவில் நல்ல பிட் இரண்டு வாங்குவது மேல்.

குறிப்பதற்கு ஸ்க்ரைபர் (உலோகத்தில் கோடு கிழிக்கும் ஊசி), அரை மில்லிமீட்டர் கோடுள்ள காம்பினேஷன் ஸ்கொயர் (அளவுகோலில் தலை நகரும் மூலைமட்டம்), டிஜிட்டல் காலிப்பர் (தாடைகளால் பிடித்து அளக்கும் கருவி). அடிப்பதற்கு இரண்டு பஞ்ச்: 60 பாகையில் கூர்மையான பிரிக் பஞ்ச் ஒன்று, 90 பாகை சென்டர் பஞ்ச் ஒன்று. அப்புறம் ஒரு சென்டர் ட்ரில் (துளையைத் தொடங்கிவைக்கும் குட்டை பிட்), ட்ரில் பிரஸ் (தூணில் நின்று கைப்பிடியால் இறங்கும் ட்ரில்), அதற்கு ஒரு வைஸ் (தகட்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி), பூதக்கண்ணாடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் இவை பெரும்பாலும் கிடைக்கும். இணையத்தில் மெஷின் வாங்கினால் லேபிளில் 230 வோல்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அமெரிக்க மெஷின்கள் நம் மின்சாரத்துக்குச் சரிவராது.

ட்ரில் பிரஸ் இல்லாதவர்கள் கை ட்ரில்லுக்கான வழிகாட்டிக் கட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். தடித்த இரும்பில் செங்குத்தாகத் துளைகள் இருக்கும், அதற்குள் பிட்டை விட்டுத் துளைத்தால் சாயாது. இடத்தைக் குறிப்பதும் பஞ்ச் அடிப்பதும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

3. தகட்டின் இரண்டு ஓரங்களை மட்டும் சரியாக்குங்கள்

கடையில் வெட்டிக் கொடுத்த தகட்டின் ஓரம் நேராக இருக்காது, வெட்டிய பக்கம் லேசாக வளைந்து பிசிறோடு இருக்கும். அந்த ஓரத்திலிருந்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வரும்.

நான்கு ஓரத்தையும் அரம் போட வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு ஓரம் போதும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடைவெளியில் வெளிச்சம் தெரியாத வரைக்கும் அரம் போடுங்கள். சரியானதும் அந்த இரண்டு ஓரத்திலும் மார்க்கரால் ஒரு அடையாளம் வையுங்கள். இனி எல்லா அளவும் இவற்றிலிருந்து மட்டுமே.

4. குறிப்பது

புதியவர்கள் செய்கிற பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. முதல் துளையைக் குறித்து, அதிலிருந்து 31 அளந்து இரண்டாவதைக் குறித்து, அதிலிருந்து மூன்றாவது என்று போவார்கள். ஒவ்வொரு அளவிலும் 0.2 பிசகினால் நான்காவது துளைக்குள் அது சேர்ந்துகொண்டே போயிருக்கும். எல்லாவற்றையும் அடையாளம் வைத்த ஓரத்திலிருந்தே அளந்தால், ஒவ்வொரு துளையின் பிசகும் அதோடு நின்றுவிடும்.

நம் தகட்டில் நடு 30. துளைகள் 14.5இலும் 45.5இலும் வரும், கழித்துப் பாருங்கள், 31.

தகட்டின் மேல் பர்மனன்ட் மார்க்கரைப் பூசிக் காயவிடுங்கள். கோடு பளிச்சென்று தெரிவதற்காக இது. காம்பினேஷன் ஸ்கொயரை 14.5க்கு வைத்து இறுக்கி, தலையை ஓரத்தோடு அழுத்தி, அளவுகோலின் நுனியில் ஸ்க்ரைபரை ஒட்டவைத்து ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். ஸ்கொயரைக் கழற்றாமல் இன்னொரு ஓரத்திலிருந்தும் அதே கோடு. பிறகு 30க்கு மாற்றி இரண்டு, 45.5க்கு மாற்றி இரண்டு. ஒரே அளவுக்குரிய கோடுகளை ஒன்றாகப் போடுவதன் காரணம், ஸ்கொயரைத் திரும்பத் திரும்ப வைக்கும்போது வருகிற வித்தியாசத்தைத் தவிர்ப்பதுதான். ஒரு கோட்டின் மேல் இன்னொரு முறை இழுக்காதீர்கள், இரட்டைக் கோடு விழுந்தால் எது சரியென்று தெரியாமல் போய்விடும். காலிப்பரின் தாடையால் கோடு கிழிக்காதீர்கள், நுனி தேய்ந்துவிட்டால் அதற்குப் பிறகு அது அளப்பதெல்லாம் தப்பு.

காகிதத்தில் அச்சடித்து ஒட்டுகிற வழியும் உண்டு. அப்படிச் செய்வதானால் தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சடித்து, அதை அளந்து பார்த்த பிறகே ஒட்டுங்கள். பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கிவிடுகிற பழக்கம் உடையது.

5. பஞ்ச் அடிப்பது

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமான ஐந்து நிமிடம் இதுதான், நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

பிரிக் பஞ்சைச் சாய்த்துப் பிடித்து, அதன் முனையை ஒரு கோட்டின் வழியே மெல்ல இழுத்து வாருங்கள். இன்னொரு கோடு குறுக்கிடும் இடத்தில் முனை சட்டென்று தட்டி நிற்பது விரலுக்குத் தெரியும். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. அந்த இடத்திலேயே பஞ்சை நிமிர்த்தி, லேசாக ஒரு தட்டு. பலமாக அடிக்க வேண்டாம், இது இன்னும் முடிவு அல்ல.

இப்போது பூதக்கண்ணாடியில் பாருங்கள். குழி இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் இருக்கிறதா? இல்லையென்றால் பஞ்சை அந்தக் குழியிலேயே வைத்து, போக வேண்டிய திசைக்கு முனை தள்ளும்படி சாய்த்து இன்னொரு தட்டு தட்டுங்கள், குழி நகரும். நிமிர்த்தி மறுபடி ஒன்று. சரியான பிறகுதான் 90 பாகை சென்டர் பஞ்ச், அதற்கு ஒரே அடி, திடமாக. அகலமான இந்தக் குழியில்தான் ட்ரில் முனை உட்காரும். நேரடியாகப் பெரிய பஞ்சில் ஆரம்பித்தால் தப்பான இடத்தில் ஆழமான குழி விழும், அதைத் திருத்துவது பெரும்பாடு.

அடியில் கனமான இரும்புக் கட்டை இருக்க வேண்டும். மரத்தின் மேல் வைத்து அடித்தால் தகடு உள்வாங்கும், குழி ஆழமாகாது. அடுக்குமாடியில் தரையில் வைத்து அடித்தால் கீழ்வீட்டுக்கு இடி மாதிரி கேட்கும், அதனால் மேசையில் தடித்த ரப்பர் பாயைப் போட்டு அதன் மேல் இரும்புக் கட்டையை வையுங்கள்.

6. மெஷினைச் சரிபாருங்கள்

ட்ரில் பிரஸ்ஸின் மேசை செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. தடித்த கம்பியை இசட் வடிவில் வளைத்துச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் தலை) மாட்டுங்கள். கம்பியின் நுனி மேசையை லேசாகத் தொடும்படி இறக்கிவிட்டு, சக்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் உரசி இன்னொரு பக்கம் இடைவெளி விட்டால் மேசை சாய்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

சக் சாவிக்கு மூன்று துளை இருக்கும். மூன்றிலும் இறுக்குங்கள், ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிட் சற்றே ஒதுங்கிப் பிடிபடலாம். இறுக்கி முடித்ததும் சாவி கையில் இருக்கட்டும், சக்கில் விட்டுவிட்டு ஸ்விட்ச் போட்டால் அது பறந்து வரும்.

7. தகட்டை இறுக்கிப் பிடியுங்கள்

கையால் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது. பிட் அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் தகட்டைக் கவ்வி இழுக்கும், தகடு கத்தியாகச் சுழலும்.

தகட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து வைஸில் பிடியுங்கள். சென்டர் ட்ரில்லைச் சக்கில் மாட்டி, மெஷின் ஓடாமல் இருக்கும்போதே முனையைக் குழிக்குள் இறக்கி, சக்கைக் கையால் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். வைஸ் லேசாக நகர்ந்தால் நீங்கள் நேரே வைக்கவில்லை என்று பொருள், அதுவே நகர்ந்து தன் இடத்தில் நிற்கட்டும். நின்ற பிறகு வைஸை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இறுக்கும்போது மறுபடி நகர்ந்துவிடும், அதனால் இன்னொரு தடவை முனையை இறக்கிப் பாருங்கள்.

நீளமான தகடு வைஸில் அடங்காதென்றால் நேரே மேசையோடு கிளாம்ப் போட்டு, நீளமான பக்கம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். கிளாம்ப் நழுவினாலும் சுழலும் தகடு தூணில் மோதி நிற்கும், உங்கள் வயிற்றுப் பக்கம் வராது.

ஒரு வார்த்தை உடை பற்றி. கையுறை வேண்டாம், பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கைலியோடு, தொங்கும் துண்டோடு, கழுத்துச் சங்கிலி, வளையலோடு மெஷின் முன்னால் நிற்காதீர்கள். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

8. வேகமும் எண்ணெயும்

எளிய கணக்கு: உலோகத்துக்கேற்ற வெட்டு வேகத்தை, அதாவது நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்பதை, 318ஆல் பெருக்கிப் பிட்டின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். மைல்ட் ஸ்டீலுக்கு 25 என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1,600, 10 மி.மீ. பிட்டுக்கு 800. அலுமினியத்துக்கு 60க்கு மேலேயே போகலாம், 3 மி.மீ. பிட்டுக்குக் கணக்குப் போட்டால் 6,000ஐத் தாண்டும், வீட்டு மெஷினில் அவ்வளவு இருக்காது, இருப்பதில் அதிக வேகத்தை வையுங்கள். பிட் பெரிதானால் வேகம் குறைய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது, ஒட்டினால் துளை பெரிதாகி முரடாகும். சில துளி டபிள்யூடி-40 போதும். ஸ்டீலுக்குக் கட்டிங் ஆயில். பித்தளைக்கு எதுவும் வேண்டாம், ஆனால் அது பிட்டைக் கவ்வும், மெதுவாக இறக்குங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பழகாதீர்கள். நிமிடத்துக்கு 12 மீட்டர் என்ற அளவில் குறைந்த வேகம், கோபால்ட் கலந்த பிட் (எம்35 என்பது அந்த ஸ்டீலின் பெயர்), நிறைய எண்ணெய், விடாத அழுத்தம் எல்லாமே வேண்டும். பயந்து லேசாக அழுத்தினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்த இடம் இறுகிப்போய்விடும், அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது.

9. துளைப்பது

முதலில் சென்டர் ட்ரில். அதன் குட்டி முனை முழுக்க இறங்கி, மேலே சின்னக் கூம்பு விழும் அளவுக்குப் போதும். குட்டையாக, தடிப்பாக இருப்பதால் இது வளையாது, நீளமான பிட் பின்னால் வரும்போது இந்தக் கூம்பு அதை நடுவில் பிடித்துக்கொள்ளும். முனை எளிதில் ஒடியும், அவசரப்படாதீர்கள்.

தகட்டை அசைக்காமல் பிட்டை மட்டும் மாற்றி நேரே 3.4. நடுவில் 2, 2.5, 3 என்று படிப்படியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், துல்லியம் கூடும் என்று நினைக்கிறார்கள். இந்த அளவுக்கு அது தேவையில்லை, பிட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிசக ஒரு வாய்ப்புத்தான். 8, 10 மி.மீ. துளை என்றால் முன்துளை ஒன்று போடுங்கள், பெரிய பிட்டின் நடுத் தண்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு, பொதுவாக 3 மி.மீ.க்குள்.

கைப்பிடியை ஒரே சீராக இறக்குங்கள். வெட்டுப்படும் உலோகச் சுருள் பிட்டின் இரண்டு பள்ளத்திலிருந்தும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பிட் ஒருதலையாகத் தீட்டப்பட்டிருக்கிறது, துளை பெரிதாகத்தான் வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை தூக்கிச் சுருளை விழவிடுங்கள். அடிப்பக்கம் வெளியே வரப்போகிறது என்று சத்தம் மாறும், அந்த இடத்தில் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

முதல் துளையை இதே தகட்டின் துண்டு ஒன்றில் போட்டு அளந்து பாருங்கள் என்று எப்போதும் சொல்வேன். பிட்டில் 3.4 என்று எழுதியிருந்தாலும் துளை சற்றுக் கூடத்தான் வரும். எவ்வளவு கூடுகிறது என்பது உங்கள் மெஷினைப் பொறுத்தது.

1 மி.மீ. மாதிரி மெல்லிய தகட்டில் சாதாரணப் பெரிய பிட் வட்டமாக வெட்டாது, மூன்று மூலை விழும். இரண்டு மரப்பலகைக்கு நடுவில் இறுக்கித் துளையுங்கள், அல்லது ஸ்டெப் ட்ரில் (படிப்படியாக அகலும் கூம்பு பிட்) பயன்படுத்துங்கள்.

10. அளந்து பாருங்கள், பிறகே நடுத்துளை

நடுவில் வரும் 22 மி.மீ. துளையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அதை வெட்டிவிட்டால் 30இல் போட்ட நடுக்கோடுகள் குறுக்கிடும் இடமே காணாமல் போகும், சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது.

காலிப்பரின் உள்தாடைகளால் ஒரு துளையின் விட்டத்தை அளந்து, அங்கேயே பூஜ்யமாக்குங்கள். பிறகு இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால், திரையில் தெரிவதே மையத்துக்கு மையம் உள்ள தூரம். சின்னத் துளையில் உள்தாடை கொஞ்சம் குறைத்தே காட்டும், ஆனால் அந்தக் குறை இரண்டு அளவிலும் ஒன்றே என்பதால் கழிந்துவிடும். தாடை நுழையவில்லையா, இரண்டு துளையிலும் பிட்டின் வால்பகுதியைச் செருகி வெளிப்புறம் அளந்து, ஒரு விட்டத்தைக் கழியுங்கள்.

பக்கங்கள் 31, மூலைவிட்டங்கள் இரண்டும் 43.84. மூலைவிட்டங்கள் சமமில்லையென்றால் சதுரம் சாய்ந்திருக்கிறது.

சரி, இப்போது நடுத்துளை. மெஷினின் ஆகக் குறைந்த வேகத்தில் 22 மி.மீ. ஹோல் சா (நடுவில் பிட் உள்ள, கிண்ணம் போன்ற ரம்பம்). பாதி ஆழம் வெட்டியதும் தகட்டைத் திருப்பி, அதன் நடு பிட் போட்ட பைலட் துளையை வைத்தே மறுபக்கத்திலிருந்து வெட்டினால் பிசிறு குறையும், வட்டத் துண்டும் எளிதில் வெளியே வரும். மோட்டாரின் மேடு இறுக்கமாக நின்றால் அரைவட்ட அரத்தால் சுற்றிலும் கொஞ்சம் எடுங்கள்.

11. பிசிறும் தப்பிய துளையும்

துளையின் இரண்டு பக்கமும் 90 பாகை கவுண்டர்சிங்க்கை (கூம்பு முனையுள்ள பிட்) கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிசிறு இருந்தால் மோட்டார் தகட்டில் படிந்து உட்காராது, ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் சாய்ந்தே நிற்கும்.

துளை 0.3 தப்பிவிட்டதா? ஊசி அரத்தால் தப்பிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மட்டும் தேய்த்து, வாஷர் போட்டு இறுக்குங்கள், நன்றாகவே பிடிக்கும். நான்கில் ஒன்று தப்பியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் மோட்டார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல ஆளிருக்காது.

இரண்டு தகடு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் தனித்தனியாகக் குறிக்கவே வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு முதல் துளையைப் போட்டு, அதில் ஒரு போல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டு இரண்டாவதைப் போடுங்கள். இடம் பிசகினாலும் இரண்டிலும் ஒரே மாதிரி பிசகும், பொருத்தம் கெடாது.

12. நேரமும் சுத்தமும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் புதுப்பிப்புப் பணிகளுக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9இலிருந்து மாலை 6 வரை என்று நேரம் வைத்திருக்கிறார்கள். நாம் செய்வது அந்தப் பணி இல்லை, ஆனாலும் நான் அந்த நேரத்துக்குள்தான் மெஷினைப் போடுகிறேன். குறிப்பதும் பஞ்ச்சுக்குக் கோடு பார்ப்பதும் சத்தமில்லாத வேலை, அதை முந்தின நாள் இரவே முடித்துவிடலாம்.

நம் வீடுகளில் எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கிறோம். அலுமினியச் சுருள் காலில் ஏறினால் வெளியே எடுப்பது கஷ்டம், தவழும் குழந்தை இருந்தால் இன்னும் கவலை. ஆரம்பிக்கும் முன்பே மெஷினுக்கு அடியில் பழைய படுக்கை விரிப்பைப் போடுங்கள். முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்து மடித்து எடுத்துவிடலாம். பிறகு தரையை ஈரத் தாளால் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள், மிச்சமிருக்கும் துகள் எல்லாம் மினுங்கும். ஸ்டீல் துகளுக்கு ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தடவினால் போதும், பையை உள்வெளியாகத் திருப்பினால் துகள் பைக்குள்ளேயே நின்றுவிடும். இங்குள்ள ஈரப்பதத்தில் ஸ்டீல் தகடு சில நாட்களிலேயே துருப்பிடிக்க ஆரம்பிக்கும், அதனால் அன்றைக்கே எண்ணெய் தடவி வையுங்கள், பிட்டுகளுக்கும் சேர்த்து.